சிப் லேஅவுட்டைப் பதிவு செய்வது எப்படி? காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் யாரிடமாவது "லேஅவுட்டைப் பதிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். டிடிசிபி அங்கீகாரம் வாங்கியாயிற்றா, மனை எத்தனை சென்ட் என்றும் விசாரிப்பார்கள். நான் சொல்லப்போகும் லேஅவுட் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சிலிக்கான் துண்டின் மேல் டிரான்சிஸ்டர்களை எங்கெங்கே வைப்பது, எந்தக் கம்பி எந்த அடுக்கில் ஓடுவது என்று வரையப்படும் மனைப்பிரிவு அது. அதற்கும் ஒரு பதிவேடு உண்டு, பதிவாளர் உண்டு, சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் செமிகண்டக்டர் ஒருங்கிணைந்த சுற்று லேஅவுட் வடிவமைப்புச் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர்.

மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மாலை வேளைகளில் எங்கள் வீட்டு முகப்பில் மாணவர்களும் சிறு நிறுவனம் தொடங்கிய இளைஞர்களும் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டர் நுட்பத்தில் கல்லூரி மாணவர்களின் வடிவங்களையும் சிப்பாக்கித் தருகிறது. ஒரு காலத்தில் பெங்களூரில் மட்டும் நடந்த வேலை இப்போது நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் செய்ததைக் காத்துக்கொள்ளும் வழி அநேகருக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கையில் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்

இந்தச் சட்டம் காப்பது வரைபடத்தை மட்டுமே. சிப் என்ன வேலை செய்கிறது என்பதை அது காப்பதில்லை. சுற்றின் யோசனையையும் காப்பதில்லை. டிரான்சிஸ்டர் முதலான உறுப்புகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் அமைந்திருக்கும் விதம்தான் சட்டத்தின் பார்வையில் லேஅவுட்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு வண்ணமாகச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் அதன்மேல் உலர்ந்த கலவை, அதற்கும் மேல் ஈரக் கலவை என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். சிப் தொழிற்சாலையில் அந்த அச்சின் வேலையைச் செய்வது மாஸ்க். ஓர் அடுக்குக்கு ஒரு மாஸ்க் என்று எத்தனையோ அடுக்குகள். லேஅவுட்டைச் சேமித்து உங்கள் கணினியில் வைத்திருக்கும் ஜிடிஎஸ் கோப்பில் இருப்பது அந்த அடுக்குகளின் கோலங்கள்தான்.

வருபவர்களில் பாதிப் பேர் இங்கேயே திரும்பிப் போக வேண்டியிருக்கும். பச்சை நிற மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பற்றவைத்து வருகிறவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. உறுப்புகள் செமிகண்டக்டர் பொருளின் மீதோ உள்ளோ, அல்லது காப்புப் பொருளின் மீதோ பிரிக்க முடியாதபடி உருவாகியிருக்க வேண்டும். பலகையில் இருப்பவற்றைக் கழற்றிவிடலாமே. எஃப்பிஜிஏ என்ற, வாங்கியபின் நாமே இணைப்புகளை அமைத்துக்கொள்ளும் ஆயத்தச் சிப்பில் நிரல் ஏற்றி வருகிறவர்களுக்கும் இல்லை. அந்தச் சிப்பின் லேஅவுட் அதைத் தயாரித்த நிறுவனத்துடையது, நீங்கள் அதன் இணைப்புகளை அமைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. சுற்றை விவரித்து வெரிலாக் மொழியில் நீங்கள் எழுதிய நிரலுக்குக் காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட், துணை நிற்கும். சுற்றே புதிய கண்டுபிடிப்பு என்றால் பேட்டண்ட் பக்கம் போகலாம். ஆனால் லேஅவுட்டுக்கே பேட்டண்ட் கேட்க முடியாது. பேட்டண்ட் சட்டத்தின் 3(ஓ) பிரிவு ஒருங்கிணைந்த சுற்றுகளின் தளவமைப்பை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டைக் காட்டி, "அதுபோல ஒன்றா?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. புவிசார் குறியீடு ஊருக்கும் நெசவுச் சமூகத்துக்கும் சொந்தமானது, காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். லேஅவுட் பதிவு ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரியது. பத்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். புதுப்பிப்பு கிடையாது.

சுயமாகச் செய்ததா?

பதிவுக்குத் தகுதி பெற லேஅவுட் அசலானதாக இருக்க வேண்டும். படைத்தவரின் சொந்த அறிவுழைப்பில் பிறந்ததாகவும், படைத்த காலத்தில் லேஅவுட் வரைபவர்களுக்கும் சிப் தயாரிப்பவர்களுக்கும் பொதுவாகத் தெரியாததாகவும் இருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படித்ததும் மாணவர்கள் முகம் வாடிவிடும். "கரண்ட் மிரர், டிஃபரென்ஷியல் ஜோடி போன்ற அடிப்படைச் சுற்றுகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே, ஐயா" என்பார்கள்.

வாட வேண்டியதில்லை. நம் வீடுகளில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்ற வரிசை ஊருக்கே பொது. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரிவதும் பொது. ஆனாலும் கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தெரிந்த உறுப்புகளையே சேர்த்திருந்தாலும், அந்தச் சேர்க்கை முழுமையாகப் பார்க்கும்போது உங்கள் சொந்த உழைப்பாக இருந்தால் அது அசல்தான்.

இதில் என் சொந்தக் கணிப்பு ஒன்று உண்டு. கையால் வரைந்த அனலாக் லேஅவுட்டுக்கு இந்தப் பதிவு நன்றாகப் பொருந்தும். இங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால், மின்வேதி உணரியின் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் சிப் என்ற யோசனையோடு இளைஞர்கள் அடிக்கடி வருகிறார்கள். அப்படிப்பட்ட சிப்பில் எந்த டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் எது, குறுக்கீட்டைத் தடுக்கும் காவல் வளையம் எங்கே, மின்னிரைச்சல் எழுப்பும் டிஜிட்டல் பகுதியை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. மென்பொருள் தானே அடுக்கித் தந்த டிஜிட்டல் தொகுதியில் "என் அறிவுழைப்பு இது" என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம். அதோடு, அதில் இருக்கும் அடிப்படைச் செல்கள், அதாவது முன்பே வரைந்து வைத்த சிறு சுற்றுகள், தொழிற்சாலை கொடுத்தவை. அவற்றை எங்கே காட்டலாம், காட்டக் கூடாது என்பது நீங்கள் கையெழுத்திட்ட இரகசிய ஒப்பந்தத்தில் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் அதை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். அநேகர் கையெழுத்திட்ட நாளோடு மறந்துவிடுகிறார்கள்.

நாள் குறிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவிலோ, இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு ஒன்றிலோ ஏற்கெனவே வணிகத்துக்கு விடப்பட்ட லேஅவுட்டைப் பதிவு செய்ய முடியாது. இதற்கு ஒரு சலுகை உண்டு. விண்ணப்ப நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டுமே வணிகத்துக்கு வந்திருந்தால், வணிகத்துக்கு வராததாகவே அதைக் கொள்வார்கள். இரண்டு ஆண்டு தாண்டினால் கதவு மூடிவிடும்.

வணிகத்துக்கு விடுவது என்றால் விற்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாடகைக்கு விடுவது, விற்பனைக்கென்று காட்சிக்கு வைப்பது, விற்பதாக முன்வருவது, வணிக நோக்கத்தில் வேறு விதமாக வினியோகிப்பது எல்லாமே அதில் அடங்கும்.

இரண்டு இளைஞர்கள் ஒருநாள் வந்தார்கள். தண்ணீர் சோதனைக் கருவிக்கான சிப் ஒன்றைச் செய்திருந்தார்கள். அழகான லேஅவுட், பார்த்ததும் எனக்கே பொறாமையாக இருந்தது. முதல் விற்பனை எப்போது என்று கேட்டேன். இன்னும் விற்கவில்லை என்றார்கள். பேச்சு வளர வளர, கோயம்புத்தூரில் ஒரு கருவித் தயாரிப்பாளருக்கு இருபது சிப் அனுப்பியது தெரியவந்தது. பில் போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"அது சாம்பிள்தானே, ஐயா. விற்றதாகவே நாங்கள் நினைக்கவில்லை."

பில்லின் தேதியைப் பார்த்தேன். இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. அவர்களுடைய கணக்கர் வரி விஷயத்தை எல்லாம் சரியாகச் செய்திருந்தார், இதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. குறை சொல்லிப் பயனில்லை.

நம் தாத்தாக்கள் பர்மாவில் கடை வைத்திருந்தபோது அன்றன்று குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றினார்கள். அந்தப் பழக்கம் சிப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரு நோட்டை வாங்கி, சிப் ஒன்றுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். லேஅவுட்டை யார் எப்போது தொடங்கினார், எந்தப் பதிப்பு எந்த நாளில் முடிந்தது, ஜிடிஎஸ் கோப்பு தொழிற்சாலைக்கு எந்த நாளில் போனது, சிப் எந்த நாளில் கைக்கு வந்தது, முதல் சிப் யாருக்கு, காசுக்கா இலவசமா, எந்த நாளில் போனது என்று எழுதுங்கள். கண்காட்சியில் விலைப்பட்டியலோடு வைத்திருந்தால் அந்த நாளையும் எழுதுங்கள்.

அந்த நாள் இன்னொரு விதத்திலும் முக்கியம். பாதுகாப்பு பத்து ஆண்டு என்றேன். அது விண்ணப்பித்த நாளிலிருந்தோ, உலகில் எந்த நாட்டிலாவது முதன்முதல் வணிகத்துக்கு வந்த நாளிலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். 2024 ஜனவரியில் சிங்கப்பூர் வாங்குபவர் ஒருவருக்கு முதல் சிப்பை விற்று, 2025 டிசம்பரில் இங்கே விண்ணப்பித்தால், பாதுகாப்பு 2034 ஜனவரியிலேயே முடியும். தள்ளிப்போட்ட இரண்டு ஆண்டும் உங்கள் பத்தில் கழியும். விற்பதற்கு முன்பே விண்ணப்பிப்பவருக்குத்தான் முழுப் பத்தும்.

யார் பெயரில்?

மூன்று மாணவர், ஒரு பேராசிரியர், கல்லூரியின் மென்பொருள் உரிமம், அரசுத் திட்டப் பணம். இந்த நால்வகைக் கலவையில் பிறந்த சிப்புக்கு உரிமையாளர் யார் என்பதை விண்ணப்பம் நிரப்பும் அன்று பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறோமே, அந்த ஒழுங்கு இதற்கும் வேண்டும். பதிவான லேஅவுட்டை எழுத்து மூலம் பிறருக்கு மாற்றித் தரலாம், உரிமம் கொடுத்துப் பிறரைப் பயன்படுத்தவும் விடலாம். ஆகவே முதலில் மாணவர் பெயரில் பதிந்து, பிறகு அவர்கள் தொடங்கும் நிறுவனத்துக்கு மாற்றுவதில் தடை இல்லை.

திறந்த உரிமத்தில் கோப்புகளை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மலிவாகச் சிப் செய்து தரும் திட்டங்கள் இப்போது பிரபலம். நல்ல விஷயம்தான், நானே மாணவர்களை அனுப்பியிருக்கிறேன். ஆனால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததைப் பிறகு பதிவு செய்து யாரைத் தடுக்கப் போகிறீர்கள்?

தாள்கள்

2001ஆம் ஆண்டு விதிகளின்படி எல்டி-1 என்ற படிவத்தில் விண்ணப்பம். கட்டணம் எவ்வளவு என்பதை விதிகளோடு இணைந்த அட்டவணையில், தாக்கல் செய்யும் வாரத்தில் பாருங்கள். மூத்தவர் சொன்ன பழைய தொகையை நம்பி வரைவோலை எடுக்காதீர்கள்.

படிவத்தோடு லேஅவுட்டை விளக்கும் வரைபடங்கள் மூன்று தொகுதி, அல்லது மாஸ்க்குகளின் புகைப்படங்கள் மூன்று தொகுதி வேண்டும். சிப் ஏற்கெனவே வணிகத்துக்கு வந்திருந்தால் சிப்பின் மாதிரிகளும் வேண்டும். வரைபடம் அச்சிடுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். எல்லா அடுக்குகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஏ4 தாளில் எடுத்தால் தெருவில் கொட்டிய வண்ணப்பொடி போலத்தான் இருக்கும். அடுக்கு வாரியாகத் தனித்தனித் தாளில், பெரிய அளவில், அளவுகோலோடு எடுங்கள். பாலிசிலிக்கான் ஒரு தாள், முதல் உலோக அடுக்கு ஒரு தாள் என்று போகட்டும். கடைசியில் எல்லாம் சேர்ந்த ஒரு தாள். காரைக்குடியில் கட்டட வரைபடம் அச்சிடும் கடைகளில் பெரிய பிளாட்டர் இருக்கும், அதுவே போதும். கோப்பைக் கடைக் கணினியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அதிகமாக எழுதிவிடுவதும் உண்டு. தொழிற்சாலையின் செயல்முறை விவரம், சுற்று வேலை செய்யும் நுட்பம், எதிர்காலத் திட்டம் என்று பக்கம் பக்கமாகத் தள்ளுவார்கள். பதிவாளருக்கு வேண்டியது லேஅவுட்டை அடையாளம் காணப் போதுமானது. பேட்டண்ட் கேட்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் தாக்கல் செய்துவிட்டு இதற்கு வாருங்கள்.

எங்கே?

பேட்டண்ட், வணிகக் குறி என்று வந்துவிட்டால் கால்கள் தாமாகவே கிண்டிக்குப் போகும். விடிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னை போய், கிண்டி அலுவலகத்தில் லேஅவுட் விண்ணப்பத்தை நீட்டி, திருப்பி அனுப்பப்பட்டு வந்தவரை எனக்குத் தெரியும். லேஅவுட் பதிவகம் நாட்டுக்கே ஒன்றுதான், புது தில்லியில் இருக்கிறது. முன்பு மின்னணுவியல் அமைச்சகத்தின் கீழ் இருந்தது, 2016இல் தொழில் மேம்பாட்டுத் துறைக்கு மாற்றப்பட்டது. பழைய கையேடுகளில் பழைய முகவரி இருக்கும், கவனம். நீங்களே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் மூலமும் செய்யலாம்.

தாக்கல் செய்தபின்

பதிவாளர் விண்ணப்பத்தைப் பரிசீலித்து அப்படியே ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம், மறுக்கலாம். ஏற்றால் பதினான்கு நாட்களுக்குள் விளம்பரப்படுத்துவார். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், கேட்டால் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும். எதிர்ப்பு வந்து அதன் நகல் உங்களிடம் சேர்ந்தால், இரண்டு மாதத்துக்குள் பதில் அறிக்கை போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டுப் படிப்பு முடிந்து ஊர் மாறும் மாணவர்களுக்கு இங்கேதான் ஆபத்து. தபால் தவறாமல் வந்து சேரும் வீட்டு முகவரியைக் கொடுங்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால், அல்லது எதிர்ப்பு உங்களுக்குச் சாதகமாக முடிந்தால், பதிவும் முத்திரையிட்ட சான்றிதழும்.

பதிவு கட்டாயமா என்றால், கட்டாயம் இல்லை. ஆனால் பதிவாகாத லேஅவுட்டைப் பிறர் நகல் எடுத்தால் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட முடியாது. பதிவானதைத் தெரிந்தே வேண்டுமென்று மீறுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்கும் எண்ணமே இல்லாத இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பணத்தை அடுத்த சிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் சிப்பைத் திறக்கலாமா?

திறக்கலாம். கற்பிக்க, ஆராய, அறிவியல் நோக்கில் அலசிப் பார்க்க நகல் எடுப்பது மீறல் ஆகாது. அப்படி அலசிக் கற்றதைக் கொண்டு நீங்கள் வேறோர் அசல் லேஅவுட்டைப் படைத்தால் அதுவும் மீறல் ஆகாது. முன்பின் தெரியாமல் தானாகவே அதே போன்ற லேஅவுட்டுக்கு வந்து சேர்ந்தவரையும் சட்டம் விட்டுவிடுகிறது. நகல் சிப் என்று தெரியாமல் வாங்கி, தன் கருவியில் பொருத்திய வியாபாரியும் குற்றவாளி அல்ல. ஆனால் தெரியவந்தபின் கையிருப்பைப் பயன்படுத்த உரிமையாளருக்கு ராயல்டி கொடுக்க வேண்டும்.

அலசுவதற்கும் நகலெடுப்பதற்கும் கோடு எங்கே என்பதற்கு ஓர் அமெரிக்க வழக்கைச் சொல்வேன். சிப் லேஅவுட்டுக்கென்று உலகில் முதலில் தனிச் சட்டம் போட்டது அமெரிக்காதான், 1984இல். அதன்கீழ் புரூக்ட்ரீ என்ற நிறுவனம் ஏஎம்டி என்ற இன்னொரு சிப் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கணினித் திரையின் வண்ணங்களைக் கையாளும் சிப்பில், பத்து டிரான்சிஸ்டர் கொண்ட நினைவகச் செல்லின் லேஅவுட்தான் பிரச்சினை. தாங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து, பெரும் பணம் செலவழித்து அலசி உருவாக்கியது என்று ஏஎம்டி கட்டுக்கட்டாகத் தாள்களைக் காட்டியது. அந்தத் தாள்களே திரும்பி வந்து கடித்தன. ஆறு டிரான்சிஸ்டர், எட்டு டிரான்சிஸ்டர் என்று வேறு வழிகளில் முயன்று, சரிவராமல், கடைசியில் புரூக்ட்ரீயின் அமைப்புக்கே வந்து நின்றது அவற்றில் தெரிந்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் புரூக்ட்ரீ பக்கமே நின்றது. எவ்வளவு நாள் உழைத்தீர்கள் என்பதைவிட, உழைத்து முடித்தபோது கையில் இருந்தது யாருடைய லேஅவுட் என்பதைத்தான் அங்கே பார்த்தார்கள்.

வெளிநாட்டில் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லிச் சான்றிதழ் இந்திய எல்லைக்குள் மட்டும் செல்லும். சிப் லேஅவுட்டுக்கென்று 1989இல் வாஷிங்டனில் எழுதப்பட்ட உலக ஒப்பந்தம் நடைமுறைக்கே வரவில்லை. அதன் முக்கியப் பகுதிகளை உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான ட்ரிப்ஸ் எடுத்துக்கொண்டதால் நாட்டுக்கு நாடு சட்டம் ஒத்திருக்கிறது, ஆனால் விண்ணப்பம் தனித்தனியே. அமெரிக்காவிலும் முதல் விற்பனை உலகில் எங்கே நடந்தாலும் அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

தண்ணீர் சோதனைச் சிப் செய்த அந்த இளைஞர்கள் சில மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். சிப்பின் இரண்டாம் பதிப்பைப் பதிய முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு கம்பியை நகர்த்தி, வெளி இணைப்புக்கான ஒரு பேடைத் தள்ளி வைத்தால் முடியாது என்றேன். அளவீட்டுப் பகுதியையே புதிதாக வரைந்தால், அந்தப் புதிய லேஅவுட் தன் சொந்தக் காலில் நின்று அசலானது என்று காட்ட முடிந்தால், முடியும். இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் புதிய சிப்புக்கும் சாம்பிள் கேட்டிருக்கிறாராம். எல்டி-1 போன பிறகு அனுப்புகிறோம் என்று பதில் எழுதிவிட்டார்கள்.